பழைய பிரேக் பேடைக் கையில் வாங்கிப் பாருங்க

போன ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை போய்விட்டு இறங்கும்போது என் காரில் பிரேக் பிடிக்கவில்லை. நாங்கள் அஞ்சு பேரும் பிழைத்து வந்ததற்கு அறப்பளீஸ்வரர்தான் காரணம் என்று என் அக்கா சொல்கிறாள். இருக்கட்டும், சாமியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரேக் பிடிக்காமல் போனதற்கு முழுக் காரணம் நான்தான். 450 ரூபாய்க்கு ஒரு டப்பா பிரேக் பேட் வாங்கினேன் பாருங்க, அந்த அறிவுதான் காரணம்.

டவுனில் கார் வைத்திருக்கிறவர்கள் இதைப் படிச்சுட்டு, "நமக்கென்ன, நாம மலைக்கா போறோம்?" என்று விட்டுவிட வேண்டாம். உங்களுக்கும் சொல்ல ஒரு கதை இருக்கு, பின்னால் வருது.

என்னுடையது பழைய வேகன் ஆர். ரெண்டாவது கையாக வாங்கினது. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் எங்கள் காட்டில் இருந்து சின்ன வெங்காயம், கொய்யா எல்லாம் சந்தைக்குப் போவதும் அதில்தான், சொந்தபந்தம் கல்யாணம் காட்சிக்குப் போவதும் அதில்தான். பின் சீட்டை மடக்கினால் மூட்டை வண்டி, நிமிர்த்தினால் குடும்ப வண்டி.

ஆடி மாசம் தொடங்கும் முன்னாலேயே முன் சக்கரத்தில் 'கிரீச் கிரீச்' என்று சத்தம். மெக்கானிக் தம்பியிடம் விட்டேன். அவர் கழற்றிப் பார்த்துட்டு, "பேட் முடிஞ்சுதுங்கண்ணா. கம்பெனிது போட்டா ஆயிரத்துச் சொச்சம் ஆகும். லோக்கல்ல 450-க்கும் இருக்குது. எது போடட்டுங்க?" என்றார்.

நான் கொஞ்சங்கூட யோசிக்கவில்லை. "ரெண்டும் பிரேக்தான புடிக்கும்? 450-தே போடுப்பா" என்று சொல்லிவிட்டேன்.

இதே ஆள் விதைக் கடலை வாங்கப் போனால் என்ன செய்வேன் தெரியுமா? மூட்டையில் சான்று விதைக்கான நீல அட்டை கட்டியிருக்கான்னு பார்ப்பேன். காலாவதித் தேதி பார்ப்பேன். முளைப்புத்திறன் எத்தனை சதவீதம் போட்டிருக்குன்னு பார்ப்பேன். அதையும் நம்பாமல் நூறு பருப்பை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்குதுன்னு வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துட்டுத்தான் காட்டுக்குக் கொண்டு போவேன். விதை பொய்த்தால் ஒரு போகம் போகும். பிரேக் பொய்த்தால் என்ன போகும் என்று எனக்குத் தோணவே இல்லை. டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி மலைக்கு வருவோம்.

கொல்லிமலைக்கு எங்கள் பக்கத்தில் இருந்து காரவள்ளி வழியாக ஏறணும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஆடி 17, 18-ல் மேலே வல்வில் ஓரி விழா நடக்கும், கூட்டம் தாங்காது. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. கோயில் கும்பிட்டு, சாப்பிட்டு, சாயங்காலம் இறங்கினோம். வண்டியில் அஞ்சு ஆள். டிக்கியில் நாலு பலாப்பழம், ஒரு சாக்கு அன்னாசி. வீட்டில் அம்மிணி வேண்டாம்னுதான் சொன்னாள். அக்காதான், "மலைப் பலா கீழ கெடைக்குமா?" என்று ஏற்ற வைத்தாள்.

மூணாவது கியரிலேயே இறங்கினேன். ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக், வளைவு தாண்டினதும் வேகம், மறுபடியும் பிரேக். பாதி மலை இறங்கினதும் ஏதோ கருகின வாசனை. முன்னால் போகிற லாரியில் இருந்து வருதுன்னு நினைத்தேன். இன்னும் நாலைந்து வளைவு. அடுத்த வளைவுக்கு மிதித்தேன். பெடல் கல்லு மாதிரி நிற்குது, வண்டி மட்டும் நிற்க மாட்டேங்குது. ரெண்டு காலையும் வைத்து அழுத்தினேன். மெதுவாகுது, ஆனால் நிற்கவில்லை. கியரை ரெண்டுக்கு இறக்கி, அப்புறம் ஒண்ணுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச் சுவர்ப் பக்கமாக ஒதுக்கி ஒருவழியாக நிறுத்தினேன். முன் சக்கரத்தில் இருந்து புகை.

அக்கா மகன் தண்ணிக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பின்னால் வந்த பிக்கப் டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "தண்ணி ஊத்திராதீங்க, டிஸ்க் கோணிக்கும், வெடிச்சாலும் வெடிக்கும். தானா ஆறட்டும்" என்று தடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தோம். அவர் மலைக்காரர். போகும்போது என்னிடம், "ஏனுங்க, ஏறும்போது எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்லதான் எறங்கோணும். வண்டியப் புடிக்கறது இஞ்சினோட வேல. பிரேக்கு சும்மா தொட்டுத் தொட்டு விடறதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருசமாக டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் மெக்கானிக் தம்பி பேடைக் கழற்றி என் கையில் கொடுத்தார். போட்டு ஒரு மாசம்கூட முழுசா ஆகலை. மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. குறுக்கே வெடிப்பு. ஒரு ஓரத்தில் இரும்புத் தகட்டை விட்டு மேல் பொருள் கிளம்பி நின்றது, நகத்தை விட்டால் பெயர்ந்துவிடும்.

அன்றைக்குத்தான் பிரேக் பேடை முதல் தடவையாகக் கையில் வாங்கிப் பார்க்கிறேன். இருபது வருசமாகக் கார் ஓட்டுகிறேன்.

அதற்கு அப்புறம் அந்தத் தம்பியிடம் கேட்டும், தேடிப் படித்தும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பேட் என்பது ஒரு இரும்புத் தகடு, அதன் மேல் ஒட்டின உராய்வுப் பொருள். அவ்வளவுதான். நம்ம ஊரில் ஓடுகிற சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும். டிரம்முக்குள் பேட் கிடையாது, பிரேக் ஷூ. பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்னால் சாயும் இல்லையா, அதனால் பெரிய வேலை முன் சக்கரத்துக்குத்தான். முன் பேட் சீக்கிரம் தேய்வதும் அதனால்தான்.

மேலே இருக்கிற அந்தப் பொருளில்தான் சூட்சுமம். அந்தக் காலத்தில் கல்நார் கலந்தார்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்தபின் நல்ல கம்பெனிகள் விட்டுவிட்டன. பேர் ஊர் இல்லாத பேடில் என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதனால் சக்கரம் கழற்றினால் அந்தக் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீங்க. காற்று அடித்துப் பறக்க விடவும் விடாதீங்க. ஈரத்துணியில் துடைக்கச் சொல்லுங்க.

இப்போது கிடைப்பதைப் பொதுவாக மூணு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, நார், ரப்பர், பிசின் சேர்த்துச் செய்வது. ஆர்கானிக் என்பார்கள், நம்ம இயற்கை விவசாயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. சத்தம் வராது, டிஸ்க்கைத் தின்னாது, விலையும் குறைவு. ஆனால் சீக்கிரம் தேயும், ரொம்பச் சூடானால் பிடி விடும். ரெண்டாவது, இரும்புத் துகள் நிறையக் கலந்த செமி மெட்டாலிக். சூடு தாங்கும், பாரத்துக்கும் மலைக்கும் ஏற்றது. ஆனால் கொஞ்சம் சத்தம் போடும், டிஸ்க்கும் கூடச் சேர்ந்து தேயும். மூணாவது செராமிக். சத்தமும் இல்லை, சக்கரத்தில் கறுப்புத் தூசியும் அவ்வளவாகப் படியாது, நாளும் வரும். விலைதான் கூடுதல்.

இதில் எது ஒசத்தி என்று கேட்டால், "எந்த மண்ணுக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். களிமண்ணுக்கு ஏற்ற பயிரைச் செம்மண் காட்டில் போட்டுவிட்டு விதையைத் திட்டி என்ன ஆகப்போகுது? சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று ஆபீஸ் போகிற வண்டிக்கு, கம்பெனி முதலில் போட்டுக் கொடுத்த அதே வகை போதும். மாசம் ரெண்டு தடவை மலை இறங்குகிற, மூட்டை ஏற்றுகிற வண்டிக்குச் சூடு தாங்குகிறது வேணும். பந்தயக் காருக்கான பேட் என்று சொல்லி விற்கிறதைப் பார்த்து ஆசைப்படாதீங்க. அதில் பலதும் நல்லாச் சூடானால்தான் பிடிக்கவே ஆரம்பிக்கும். காலையில் தெருமுனையில் குறுக்கே ஓடி வருகிற குழந்தைக்கு அது உதவாது.

இன்னொன்று. பல பேடுகளின் ஓரத்தில் நீளமாக எழுத்தும் எண்ணும் அச்சடித்திருக்கும். அதன் கடைசியில் எஃப்எஃப், இஎஃப், ஜிஜி என்று ரெண்டு ஆங்கில எழுத்து இருந்தால் அதைப் பாருங்க. முதல் எழுத்து மிதமான சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு. ரெண்டாவது, நன்றாகச் சூடேறின பிறகு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு. இ-யை விட எஃப் கூடுதல் பிடி, எஃப்-ஐ விட ஜி கூடுதல். எஃப்இ என்று இருந்தால் சூடேறினதும் பிடி குறையும் என்று அதுவே ஒத்துக்கொள்கிறது என்று அர்த்தம். எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்த எழுத்து சொல்லாது. இருந்தாலும், விதை மூட்டையின் அட்டையைப் படிக்கிற மாதிரி இதையும் படிக்கலாம் இல்லையா? நான் வாங்கின 450 ரூபாய்ப் பேடில் ஒரு எழுத்தும் இல்லை.

அதுக்காகக் கார் கம்பெனி பேர் போட்ட டப்பா மட்டும்தான் வாங்கணும்னு சட்டம் ஒன்றும் இல்லை. நம்ம சென்னையில் பிரேக்ஸ் இந்தியா இருக்கு, ரானே இருக்கு. கார் கம்பெனிகளுக்கே பிரேக் சாமான் கொடுக்கிறவர்கள், வெளிக் கடையிலும் விற்கிறார்கள். நல்ல பேர் உள்ளது எதுவானாலும் சரி. ஆனால் நல்ல பேருக்குத்தான் டூப்ளிகேட்டும் வரும். சீல் உடையாமல் இருக்கா, டப்பாவில் போட்ட பார்ட் நம்பரும் பேட் முதுகில் இருக்கிறதும் ஒண்ணா, தயாரித்த தேதி, எம்.ஆர்.பி. எல்லாம் ஒழுங்காக அச்சடித்திருக்கா என்று பாருங்க. பில் இல்லாமல் வாங்காதீங்க. பில் கேட்டாலே முகம் மாறுகிற கடையில் எதையுமே வாங்காதீங்க.

சரி, டவுன்காரர்களுக்கு ஒரு கதை இருக்குன்னு சொன்னேனே, அதுக்கு வரேன்.

என் மகன் சென்னையில் வேலையில் இருக்கான். அவனும் ஒரு சின்னக் கார் வைத்திருக்கான். கார்த்திகை மாசம் போன் பண்ணி, "அப்பா, சர்வீசுக்கு விட்டேன். பிரேக் பேட் போயிருச்சாம், டிஸ்க்கையும் சேர்த்து மாத்தணுமாம். 9,000 சொல்றாங்க. உங்க கதையக் கேட்டதுல இருந்து பயமா இருக்கு, மாத்திரச் சொல்லிட்டேன்" என்றான்.

"பழைய பேடப் பார்த்தியா கண்ணு?" என்று கேட்டேன்.

"நான் எங்கப்பா பார்த்தேன், அவங்கதான் வாட்சப்புல லிஸ்ட் அனுப்பினாங்க."

"மொதல்ல அங்க போ. சக்கரத்தக் கழட்டச் சொல்லி, ஸ்கேல் வெச்சு அளந்து எனக்குப் போட்டோ அனுப்பு. அப்புறம் மாத்தலாம்."

பெர்மிசன் போட்டுவிட்டுப் போனான். போட்டோ வந்தது. இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, தேய்கிற பொருள் மட்டும் 6 மில்லிமீட்டர் இருக்கு. புதுசில் இது 10 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். 3-க்கு வந்தால்தான் மாற்றணும். கிட்டத்தட்ட பாதி ஆயுசு மிச்சம் வைத்துக்கொண்டு 9,000 கேட்டிருக்கிறார்கள். டிஸ்க்கிலும் கோடு இல்லை, பள்ளம் இல்லை. எவ்வளவு தடிமனுக்குக் கீழே போகக் கூடாது என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதை அளந்து காட்டச் சொன்னதும், "இன்னும் ஒரு சர்வீஸ் ஓடலாம் சார்" என்று அவர்களே இறங்கி வந்துவிட்டார்கள். இடத்தின் பேர் வேண்டாம், இது ஒரு இடத்துச் சங்கதி மட்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

என் மகனையும் என்னையும் சேர்த்து நினைத்துப் பார்த்தேன். நான் காசுக்குப் பயந்து மலிவை எடுத்தேன். அவன் உயிருக்குப் பயந்து கேட்டதைக் கொடுக்கப் பார்த்தான். கிராமத்துக்காரன் 450-ல் ஏமாந்தான், டவுன்காரன் 9,000-ல் ஏமாற இருந்தான். ரெண்டு பேருமே அந்தப் பழைய பேடைக் கண்ணால் பார்க்கவில்லை. தப்பு அங்கேதான். விலை கூடினதா குறைந்ததா என்பது அதுக்கு அப்புறம்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான். பேட் மாற்றணும்னு யார் சொன்னாலும் பழசைக் கையில் வாங்கிப் பாருங்க. ரெண்டு ஒரு ரூபாய்க் காசை ஒன்றின் மேல் ஒன்று வையுங்க, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வரும். தேய்கிற பொருள் அந்த அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுங்க, பேரம் பேச வேண்டாம். அதுக்கு மேல் நல்லா இருந்து, வெடிப்பு இல்லை, பளபளப்பு இல்லை, எண்ணெய் படவில்லை என்றால் அவசரம் இல்லை. ஒரே சக்கரத்தில் உள்பக்கப் பேட் தேய்ந்து வெளிப்பக்கம் அப்படியே இருந்தால் குற்றம் பேடில் இல்லை. கேலிப்பர் எங்கேயோ இறுகி நிற்குது. அதைச் சரி பண்ணாமல் எத்தனை ஒசத்தியான பேடைப் போட்டாலும் அதே கதிதான். வாடின செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்காமல் மருந்து அடிக்கிற மாதிரி.

மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. முன்னால் என்றால் முன்னால் ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து. இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மாற்றி முடித்ததும் வண்டியை எடுக்கும் முன்னால், நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து தடவை நன்றாக மிதியுங்க. புதுப் பேட் போட்டதும் முதல் மிதியில் பெடல் அடி வரைக்கும் போகும், அதுக்கப்புறம்தான் பிடிக்கும். இது தெரியாமல் கடை வாசலிலேயே முன்வண்டியில் இடித்த ஆளை நான் பார்த்திருக்கேன். முதல் 200, 300 கிலோமீட்டர் மெதுவாக, நிதானமாகப் பிரேக் போட்டு ஓட்டுங்க. பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகணும். புது மாடு, புது நுகம் மாதிரி. நேராக மலைக்கு ஓட்டக் கூடாது.

பிரேக் ஆயிலையும் மறக்காதீங்க. அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எனக்கு அன்றைக்குப் பெடல் கல்லாக நின்றது, அதனால் பேட் கோளாறு. பஞ்சாகப் போயிருந்தால் ஆயில் கோளாறு. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றணும். எந்த டாட் நம்பர் ஊற்றணும்னு மூடியிலேயே போட்டிருக்கும்.

அந்த மெக்கானிக் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. ரெண்டு விலையும் சொல்லித்தான் கேட்டார். "மலைக்குப் போவீங்களாண்ணா, எவ்வளவு பாரம் ஏத்துவீங்க?" என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். "எங்கே ஓடுற வண்டி இது தெரியுமா?" என்று நானும் சொல்லியிருக்கலாம். உரக்கடையில் நிற்கும்போது என்ன பயிர், எத்தனை நாள், என்ன நோய் என்று சொல்லாமல் "ஏதாச்சும் ஒரு மருந்து குடுங்க" என்று கேட்போமா? இப்போதெல்லாம் அவர் எல்லாரிடமும் அதைக் கேட்கிறார். கழற்றின பேடை ஒரு காகிதத்தில் சுற்றி வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்.

என்னுடையது ரெண்டும் திண்ணை மாடத்தில் இருக்கு, வெடித்த அந்த 450 ரூபாய்ப் பேடு. வெளியே கிளம்பும்போது சாவி எடுக்கிற இடம் அது. இந்த ஆடிக்கும் மலைக்குப் போனோம். நல்ல பேட், புது ஆயில், இறங்கும்போது ரெண்டாவது கியர். பலாப்பழம் ரெண்டோடு நிறுத்திக்கொண்டோம். அக்கா மட்டும் பின் சீட்டில் உட்கார்ந்து எழுபது வளைவையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். காரவள்ளி வந்தபிறகுதான் பேசினாள்.